பத்தாம் வகுப்பை எங்கே எழுதுவான்?

மும்பையின் மான்குர்த்தில் வெளிநாடு என்றால் பெரும்பாலும் வளைகுடாதான். வெல்டர், ஏசி மெக்கானிக், டிரைவர் என்று முதலில் அப்பா மட்டும் போவார். அவர் பத்தாவது தேறாதவராக இருந்தால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று விழுந்திருக்கும், வளைகுடாவில் வேலைக்குப் போக அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். படிக்காமல் விட்டதன் விலையை அந்த அனுமதிக்கு அலைந்தே தெரிந்துகொண்டவர் அவர். சில வருடம் கழித்து, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா என்ற பேச்சு வரும்போது, வீட்டு வாடகைக்கு முன்னால் பள்ளிக்கூடம்தான் பேச்சில் வருகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹம் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று 2019இல் விதியைத் தளர்த்தினார்கள். விசாவுக்கு அது போதும்; பள்ளிக்குப் போதாது. துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மலிவானவை ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் திர்ஹம் அளவில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்றால் பெயர்பெற்ற பள்ளிகளில் ஐம்பதாயிரம் சாதாரணம். மேல் வகுப்புகளில் லட்சத்தைத் தொடும். 4,000 வாங்குபவரின் ஆண்டுச் சம்பளமே 48,000. இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 6,000 என்றால் கால்வாசி அங்கேயே போய்விடுகிறது. பஸ், சீருடை, புத்தகம் இன்னும் கணக்கில் வரவில்லை.

சவுதியின் கணக்கு வேறு. குடும்பத்தோடு இருக்கும் வெளிநாட்டினரிடம் 2017 ஜூலையில் ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். வருடா வருடம் ஏறி, 2020இல் அது 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். பிள்ளை பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம். ஜெத்தாவில் இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளி 1969 முதல் நடக்கிறது. அதில் இடம் கிடைத்தும், இந்தக் கட்டணத்துக்காகவே மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடி தனியறைக்குத் திரும்பியவர்கள் உண்டு.

கம்பெனியே பள்ளிக் கட்டணம் தருமே என்பார்கள். தருகிறது, மேலதிகாரிகளுக்கு. மாதம் முப்பதாயிரம் திர்ஹம் வாங்குபவரின் ஆஃபர் லெட்டரில் கல்விப் படி என்று ஒரு வரி இருக்கும். ஐந்தாயிரம் வாங்குபவரின் தாளில் அந்த வரியே இருக்காது. இருந்தாலும் துருவிக் கேட்க வேண்டும்: எத்தனை பிள்ளைகளுக்கு, உச்சவரம்பு என்ன, அட்மிஷன் பணமும் பஸ்ஸும் சேர்ந்ததா, வேலை போனால் பாதியில் நிற்கும் வருடத்துக்கு யார் கட்டுவது? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் இதற்கெல்லாம் பதில் கிடைக்கும். துபாயில் ஒரு வசதி உண்டு: கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு தனியார் பள்ளிகளின் கட்டணத்தையும் ஆய்வுத் தரத்தையும் பொதுவில் வெளியிடுகிறது. பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணத்தை ஏற்ற முடியாது. சொந்தக்காரர் சொன்னார், பக்கத்து ரூம்காரர் சொன்னார் என்று சேர்ப்பதற்குமுன் அதைப் பார்க்கலாம்.

ஆனால் எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று தேடுவதிலேயே பெற்றோர் மாய்ந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுவல்ல. பையன் பத்தாவதை எந்த ஊரில் எழுதப் போகிறான்? வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் ஒருநாள் திரும்பியே தீர வேண்டும். திரும்பும் இடம் மும்பையா, திருநெல்வேலியா?

மும்பை என்றால் மராத்தி. 2020இல் வந்த சட்டத்தின்படி மகாராஷ்டிராவில் எந்த போர்டு பள்ளியானாலும் பத்தாம் வகுப்புவரை மராத்தி உண்டு. ஊர் என்றால் தமிழ். தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் பத்தாவதுவரைதான். அமீரகப் பள்ளியிலோ ஒன்பதாவதுவரை அரபி படிக்க வேண்டும். ஆங்கிலம், இந்தி, அரபி என்று நாக்கு பழகிய பெண், எட்டாவதில் வந்து மராத்தி எழுத்துக் கூட்டிப் படிப்பதை நினைத்துப் பாருங்கள். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் இன்னொரு முடிச்சு: மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டுக்குப் பத்தும் பன்னிரண்டும் இந்த மாநிலத்திலேயே முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. மஸ்கட்டில் பத்தாவது முடித்த பிள்ளைக்கு, மான்குர்த்திலேயே பிறந்திருந்தாலும், அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலேயே பெயர் பதிவாகிவிடும். பத்தாவதில் நேராகப் போய்ச் சேருவது லேசல்ல. ஆகவே எட்டாவது முடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற இண்டர்நேஷனல் பாடத்திட்டங்களில் படித்தால் இந்தியக் கல்லூரியில் சேர முடியாது என்ற பயம் மட்டும் வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அவற்றுக்கு இணைத் தகுதி தருகிறது. எத்தனை பாடம், என்ன கிரேடு என்ற நிபந்தனைகளோடு.

போகும்போது ஒரு தாள் படுத்தும் பாடு தனி. மும்பைப் பள்ளிப் பதிவேட்டில் பிள்ளை பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் இல்லாத தமிழன் என்ன செய்வான்? சேர்க்கப் போன அன்று தாத்தா பெயரோ, ஊர்ப் பெயரோ, சாதிப் பெயரோ அந்தக் கட்டத்தில் ஏறிவிடும். பாஸ்போர்ட்டில் அது இருக்காது. லீவிங் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். கல்வி அதிகாரியின் எதிர்க்கையெழுத்து, அட்டெஸ்டேஷன், தூதரக முத்திரை என்று தாள் நகரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். டிக்கெட் போட்ட பிறகு திருத்த ஓடுவதைவிட, பிள்ளை ஒன்றாவது படிக்கும்போதே பதிவேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

செம்பூர் பக்கத்து ஐ.டி. குடும்பங்களுக்கு வேறு கவலை. லண்டனுக்கோ நியூ ஜெர்சிக்கோ மாற்றலாகிறவர்களும் இண்டர்நேஷனல் ஸ்கூல் தேடுகிறார்கள், வேண்டியதே இல்லை. வேலை விசாவில் போகிறவரின் பிள்ளைக்கு அங்கே அரசுப் பள்ளி இலவசம். எந்தத் தெருவில் வீடு எடுக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் பள்ளியைத் தீர்மானிக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது: அரசுப் பள்ளியில் சேர ஏ.இ.ஐ.எஸ். தேர்வு, குடிமக்களைவிடப் பலமடங்கு கட்டணம். ஆனால் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம்.

இடம் மாறுவதால் மட்டும் படிப்பு கெடுவதில்லை. மான்குர்த்தை ஒட்டிய அணுசக்தி நகரில் விஞ்ஞானி கல்பாக்கத்துக்கு மாற்றலானால், அவர் மகள் அதே பாடத்திட்டத்தில், அதே அணுசக்திக் கல்விச் சங்கத்தின் இன்னொரு பள்ளியில் உட்காருகிறாள். 1969இலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. அதே அணுசக்தித் துறையின் தேவைக்காகத்தான் 1976 மே மாதம் மான்குர்த்தின் ஜனதா காலனியை இடித்து, எழுபதாயிரம் பேர் அளவிலான மக்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். ஜனதா காலனியில் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் தொடங்கி, பிறகு அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளியில் இடம் எடுத்துவைத்து யாரும் காத்திருக்கவில்லை.

இப்போது இன்னொரு வழியும் பேச்சில் அடிபடுகிறது: அப்பா ஷார்ஜாவில் பெட் ஸ்பேஸிலேயே இருக்கட்டும், இண்டர்நேஷனல் படிப்பை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மும்பை மாநகராட்சி 2021இல் கேம்பிரிட்ஜோடும் ஐ.பி.யோடும் கைகோத்து, தன் பள்ளிகள் இரண்டில் அந்தப் பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தது. கட்டணம் இல்லை. தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது, செய்யக்கூடிய காரியம்தான். ஒன்று மாட்டுங்காவில், இன்னொன்று விலே பார்லேயில். மான்குர்த்திலிருந்து ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டுமானால் காலை நெரிசலில் ஹார்பர் லைன் வண்டி பிடித்து, வழியில் இறங்கி வண்டி மாறியாக வேண்டும்.