உங்களுக்குத் தெரியுமா? – ஆலன் வீட்டுத் தோட்டம்

டெக்சஸ் மாநிலம் ஆலனில் பழைய தோட்டத்தைச் சீர்படுத்தக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் திட்டுவது மண்ணைத்தான். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். ஆகஸ்டில் விரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண் வேறு யாருமில்லை, கோவில்பட்டிக் கரிசலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி! மண்ணியலார் இரண்டையும் ‘வெர்டிசால்’ என்ற ஒரே குலத்தில் வைக்கிறார்கள். டாலஸுக்கு வடக்கே தொடங்கி சான் ஆன்டோனியோ வரை நீளும் கரிசல் பட்டையில் ‘ஹூஸ்டன் பிளாக்’ என்ற வகை மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். அங்கும் பருத்தி, இங்கும் பருத்தி. அதனால் இந்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு வேறு மண் வாங்கிப் போடாதீர்கள். சத்துள்ள மண், மூச்சுவிட மட்டும் வழி செய்துகொடுங்கள்.

◆ அதற்காக மணலைக் கலக்கக் கூடாது. களியும் மணலும் சேர்ந்து காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கப் பிரிவு சொல்வது ‘எக்ஸ்பாண்டட் ஷேல்’. களிப்பாறையைச் சூளையில் சுட்டால் அரிசி பொரிவதுபோல் உப்பும். கையில் எடுத்தால் கனமே தெரியாது, உள்ளே அத்தனை துளைகள். 3 அங்குலம் இதைப் பரப்பி, 3 அங்குலம் கம்போஸ்ட் போட்டு, 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். கம்போஸ்டை ஆண்டுதோறும் போட வேண்டும். ஷேல் மட்காது, ஒருமுறை போட்டாலே போதும்.

◆ கொத்துவதற்கு 2 வேலைநாள் முன்பே 811-ஐ அழையுங்கள். நிலத்தடியில் குழாயும் கம்பியும் போகும் இடத்தை இலவசமாக வந்து தரையில் வண்ணமடித்துக் காட்டுவார்கள்: மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர். உங்கள் ஸ்பிரிங்க்ளர் குழாய் அதில் வராது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

◆ கறிவேப்பிலைத் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். இங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை வேரை எடுக்க விடாது. குழாய்த் தண்ணீரும் காரம்தான். தொட்டிச் செடிக்கு மழைநீரைப் பிடித்து ஊற்றிப் பாருங்கள். மழைநீர்ப் பீப்பாய் வைப்பதை எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அடியோடு தடுக்க டெக்சஸ் சட்டம் இடம் தருவதில்லை. எங்கே, எப்படி என்று மட்டும் விதி போடலாம். உரத்தொட்டிக்கும் அப்படியே. மழைநீர்ச் சேகரிப்புக் கருவிகளுக்கு மாநில விற்பனை வரியும் கிடையாது!

◆ 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் பதிவான குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை மூன்றையும் தொட்டியில் வளர்ப்பதே நல்லது. பனி வருமுன் கராஜுக்குள் தள்ளிவிடலாம்.

◆ ஓக் மரத்தைக் கழிப்பதென்றால் பிப்ரவரி முதல் ஜூன் வரை வேண்டாம். வெட்டுக்காயத்துக்கு வரும் வண்டுகள் ‘ஓக் வில்ட்’ நோயைக் கொண்டுவரும் காலம் அது.

◆ ஊரிலிருந்து வந்த விதையில் போட்ட பந்தல் அவரை, கோடை முழுக்கக் கொடி ஓடியும் பூக்கவில்லையா? பகல் குறுகினால்தான் அது பூவெடுக்கும். ஊரில் ஆடியில் விதைத்தால் தை வரை காய் பறிக்கலாம். ஆலனிலோ அது பூத்துக் காய் பிடிப்பதற்குள் நவம்பர் பனி வந்து கருக்கிவிடும். பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் குத்துச்செடி அவரை ரகங்கள் தமிழகத்தில் உண்டு. அடுத்த தடவை அந்த விதையாகக் கேட்டு வாங்கி, மார்ச் மாதக் கடைசிப் பனி போனதும் போட்டுவிடுங்கள்.