கைப்பிடி யார் கையில்?

ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று ஒரு கருவி செய்யும்போது டாக்டரைக் கேட்கிறார்கள், ஆசிரியரைக் கேட்கிறார்கள், பெற்றோரைக் கேட்கிறார்கள். உபயோகிக்கப் போகிறவரை மட்டும் கேட்பதில்லை. பேச்சு வராதவரிடம் என்னத்தைக் கேட்பது என்று ஒரு சமாதானம் வேறு!

அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், 1947-ல் பாஸ்டனில் பிறந்தவர், கால்நடை விஞ்ஞானப் பேராசிரியை, ஆட்டிசம் உள்ளவர். சிறுவயதில் யாராவது கட்டியணைத்தால் அவருக்குத் தாங்காது. ஆனால் உடலை இதமாக அழுத்தும் ஸ்பரிசத்துக்கு மனம் ஏங்கும். பள்ளிப் பருவத்தில் அரிசோனாவில் உறவினர் பண்ணைக்குப் போனபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் நெருக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். சில மாடுகள் அதற்குள் சாந்தமாகிவிட்டன. தாமும் உள்ளே நின்று பார்த்தார், படபடப்பு அடங்கியது. திரும்பி வந்ததும் மரப்பலகையில் தமக்கென்று ஒன்று செய்துகொண்டார். மனநல நிபுணர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு விஞ்ஞான ஆசிரியர்தான், அது ஏன் இதம் தருகிறது என்று ஆராயத் தூண்டினார். 1992-ல் கிராண்டினே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அந்த இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது பலகை அல்ல, கைப்பிடி. எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதை உள்ளே இருப்பவரே தீர்மானிக்கிறார். மற்றவர்கள் வடிவமைத்திருந்தால் அந்தக் கைப்பிடியை அம்மாவிடமோ நர்ஸிடமோதான் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர், வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு பழகி 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார்கள். (பெயர் இந்தி, பிறந்த ஊர் சென்னை!) முதலில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக வந்தது, பிறகு ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் சென்றது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் கருவி பேசும். தமிழிலும் உண்டு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் சங்கடம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பூங்காவில் இந்தி. எந்தச் சொற்களை ஏற்றுவது? 'தண்ணீர்', 'சாப்பாடு', 'பாத்ரூம்', 'தேங்க் யூ' என்று நமக்குச் சௌகரியமானதை முதலில் ஏற்றுவோம். 'வேண்டாம்', 'நிறுத்து', 'சத்தம் தாங்கலை', 'என்னைத் தனியா விடு' – இவை விட்டுப்போகும். இப்படிப்பட்ட கருவிகளால் பேசும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சுட்டிக்காட்டும் குறையும் இதுதான்.

எழுத்து வராத குழந்தையையும் கேட்கலாம். இரண்டு படங்களை முன்னால் வையுங்கள், எதைத் தொடுகிறாள்? கருவியின் எந்தக் குரலுக்குக் காதைப் பொத்துகிறாள்? எந்தப் பக்கத்தைத் தானாகவே திரும்பத் திரும்பத் திறக்கிறாள்? அதெல்லாம் பதில்தான். லீவுக்கு மதுரைக்குப் போகும்போது அவள் கூப்பிட வேண்டிய 'அப்பத்தா' அந்தக் கருவியில் இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள், எந்தப் போட்டோவைப் போடுவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.