சாவியைத் திருப்பாதீர்கள்

டீயை முதலில் குடித்துவிடுங்கள், அவசரமே இல்லை. பானெட் திறந்திருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை. இந்த நிலையில் நிற்கும் வண்டியை அனேகமாகக் குறைந்த செலவில் மீட்டுவிடலாம்.

வீட்டு வாசலில் வைத்துக் கூலன்ட் மாற்றுகிறவர்களுக்குக் கை தவறுவது பெரும்பாலும் ஊற்றும்போதுதான். பல கார்களில் வைப்பர் தண்ணீர் டேங்க்கும் கூலன்ட் டேங்க்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூடி மாறி, சோப்புத் தண்ணீர் கூலன்ட்டில் போய்ச் சேரும். சிலர் கூலன்ட்டை எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயில் விட்டுவிடுவார்கள். சிலர் ஆயிலை ரேடியேட்டரில் விடுவார்கள். இது நடக்க ஐந்து வினாடி போதும். அதற்கப்புறம் பக்கத்தில் நிற்கும் ஒருவர், “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே” என்பார். செலவு தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சென்னைப் பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, இங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் மிதந்துபோன காணொளியை நாடே பார்த்தது. தண்ணீர் புகுந்த வண்டியைச் சாவி போடாமல் டோ செய்து கொண்டுபோனால் எஞ்சினைக் காப்பாற்ற வழியுண்டு. ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கூலன்ட் வேலையிலும் விதி அதேதான். தவறு நடந்தது தெரிந்தால் சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். மின்விசிறி உள்ள வண்டிகளில், சூடு இருந்தால் சாவி போடாமலே ஃபேன் சுற்றத் தொடங்கலாம். ஆகவே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுவது நல்லது.

இப்போது எது எங்கே போயிற்று என்று பார்ப்போம். ஆயில் வாயில் விட்ட கூலன்ட் கலவை ஆயிலைவிடக் கனமானது. எஞ்சினை ஓட்டாதவரை ஆயில் சம்ப்பின் அடியில் போய்த் தங்கும். கீழே டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அதுதான், பிறகே ஆயில் வரும். எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டர் மாற்றிப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, மறுபடி ஒருமுறை ஆயிலை மாற்றிவிட்டால் போதும். ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தால் இரண்டும் கடைந்த மோர் மாதிரி வெளுத்துக் கலந்திருக்கும். பேரிங்குகளுக்கு அந்தக் கலவையால் எண்ணெய்ப்படலம் கொடுக்க முடியாது.

தலைகீழாக, ரேடியேட்டரில் ஆயில் விழுந்திருந்தால் அது மேலே மிதக்கும். பெரிய சிரிஞ்சும் ஒரு மெல்லிய குழாயும் இருந்தால் மேலாக உறிஞ்சி எடுத்துவிடலாம். ஓட்டியிருந்தால் ஹோஸ்களின் உள்சுவரெல்லாம் பூசிக்கொள்ளும். அந்த ரப்பர் கூலன்ட்டைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. ஊறி உப்பிப் பிசுபிசுத்துப் போன ஹோஸை மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பள்ளிக்கரணையில் போர் போட்டு வரும் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. பக்கெட் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை எல்லோரும் தேய்த்திருப்போம். ரேடியேட்டருக்குள்ளும் அதே பொருக்கு படிந்து, குழாய்களின் உள்ளே வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். அவசரத்துக்கு அந்தத் தண்ணீரை ஊற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் வருந்த வேண்டாம், நீங்கள் செய்தது சரி. ஆனால் அதை உள்ளேயே விட்டுவைப்பது தவறு. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு வடித்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, வருகிற தண்ணீர் தெளியும்வரை திருப்பிச் செய்யுங்கள்.

கவனமாக வேலை செய்கிறவர்கள்கூடச் சறுக்கும் கணக்கு இதற்குப் பிறகு வருகிறது. ரேடியேட்டரைத் திறந்து வடித்தால் முழுவதும் வராது. எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒரு பங்கு தங்கிவிடும். மொத்தம் ஐந்து லிட்டர் பிடிக்கும் வண்டியில் மூன்று லிட்டர் வெளியே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளே நிற்கிறது. அதன்மேல் கடையில் கிடைக்கும், கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸ் மூன்று லிட்டர் ஊற்றினால், கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான் ஆகும். ஐந்தில் ஒன்றரை என்றால் 30 சதவீதம். நமக்கு வேண்டியது 50. கலக்காத கான்சன்ட்ரேட் இரண்டரை லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் என்று ஊற்றியிருக்க வேண்டும். தப்பாகிவிட்டிருந்தால் ரேடியேட்டரிலிருந்து தேவையான அளவை வடித்து, அந்த இடத்தில் கான்சன்ட்ரேட்டை ஊற்றிச் சரிசெய்யலாம். நம் ஊரில் உறைபனி இல்லையே என்று கேட்பார்கள். கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. துரு தடுக்கும் சரக்கு அதில்தான் இருக்கிறது, கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. அதற்காக முழுக்கக் கான்சன்ட்ரேட் ஊற்றிவிடவும் கூடாது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி, கிளைக்கால் அதற்குக் கீழேதான்.

பச்சைக் கூலன்ட்டும் சிவப்புக் கூலன்ட்டும் கலந்துவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் துரு தடுப்பு மருந்தின் வகைதான் முக்கியம். வகை மாறினால் சிலவேளை கூழ்போலத் திரளும், பெரும்பாலும் பாதுகாப்பின் ஆயுள் குறையும். வடித்துக் கழுவிவிட்டு, வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் வகையை ஊற்றுங்கள்.

எல்லாம் சரியாக ஊற்றியும் வண்டி சூடாகிறதா? மெக்கானிக்குகள் “ஏர் பிடிச்சிருக்கு” என்பார்கள். வீட்டில் செய்யும் கூலன்ட் வேலையில் எஞ்சின்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் காற்றுதான். அதிலும் ஒரு சூது உண்டு. “அண்ணே, முள்ளு பாதிக்கு மேல ஏறவே இல்லையே, அப்புறம் எப்படி ஓவர்ஹீட்டு?” என்று கேட்பார்கள். டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். அதைச் சுற்றிக் காற்றுக் குமிழி நின்றால், பக்கத்தில் இரும்பு வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அமைதியாகப் படுத்திருக்கும். முள் சட்டென்று ஏறி இறங்கினாலோ, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தாலோ முள்ளை நம்பாதீர்கள்.

காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கு மேலே இருக்க வேண்டும். பள்ளிக்கரணை சமதரை. அடுக்குமாடியில் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவு இருந்தால் அதில் முன்பக்கம் மேலாக நிறுத்தி, கை பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். குளிர்ந்த எஞ்சினில், மெதுவாக, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதிலிருந்து சீராகக் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து கொடுங்கள், குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பி, ஹோஸ் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே மூடியைப் போட்டுவிடுங்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், அப்போது கீழ் ஹோஸும் சுடும். ஃபேன் ஓடி நிற்பதை இருமுறை பார்த்துவிட்டு எஞ்சினை அணையுங்கள். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், மட்டத்தை மறுபடி பாருங்கள். கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

இந்த நேரத்தில் யாராவது, “நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போடுங்க” என்பார்கள். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைத் தின்னும். சில எஞ்சின்களில் அது பைபாஸ் வழியையும் மூடும் வால்வு. கழற்றிவிட்டால் ஒரு பகுதிச் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் நாசில் உடைந்துவிட்டால் எம்-சீல் போட்டு ஒட்டலாமா என்றால், வேண்டாம். ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குத்தான் கொதிக்கும். ஒட்டு எப்போது விடும் என்று தெரியாது. ரேடியல் ரோடு நெரிசலின் நடுவில் விட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம். ஜி.பி. ரோட்டில் புதுப் பாகம் கேளுங்கள், பழைய மாடல் என்றால் புதுப்பேட்டையில் தேடுங்கள்.

உண்மையிலேயே ஓவர்ஹீட் ஆகிவிட்டால், ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். குளிர்ந்த தண்ணீரை எஞ்சின்மேல் ஊற்றாதீர்கள். அம்பாசடர் காலத்து இரும்பு ஹெட் அதைத் தாங்கியிருக்கலாம். இன்றைய அலுமினிய ஹெட் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், எளிதில் வளையும். அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய அறிகுறிகள்: ஆயில் வெளுத்திருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, ஸ்டார்ட் செய்தவுடனேயே டேங்க்கில் குமிழி கொப்பளிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வேலை முடிந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங் பார்க்கத் தெரிந்த பட்டறைக்கு, டோ வண்டியில் கொண்டுபோங்கள். லீக் அடைக்கும் டப்பாவை ஊற்றிச் சமாளிக்கப் பார்த்தால், அது ஹீட்டரின் மெல்லிய குழாய்களைத்தான் முதலில் அடைக்கும்.

கடைசியாக, வடித்த கூலன்ட். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எதிலீன் கிளைக்கால் இனிக்கும், தெருநாய்கள் நக்கும். ஒரு நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்ல நான்கைந்து மேசைக்கரண்டி போதும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. யாராவது குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. வடித்ததைத் தட்டில் திறந்து வைக்காமல் பழைய கேனில் ஊற்றி மூடி, பெயர் எழுதி, கழிவு ஆயிலை ஒப்படைக்கும் வழக்கமுள்ள சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். சிந்தியதை மணல் போட்டு அள்ளுங்கள். மழைநீர் வடிகாலில் மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். நம் தெருக்களின் வடிகால் போய்ச் சேருவது 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில்தான்.