குருவிக் குஞ்சு என்ன நினைத்தது?

டெல்லியில் மந்திர் மார்க் என்று ஒரு சாலை உண்டு. மந்திர் என்றால் கோயில். மார்க் என்றால் சாலை. பிர்லா மந்திர் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் ஒன்றும் இங்கே உண்டு.

இதே சாலையில் வால்மீகி கோயிலும் இருக்கிறது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் இங்கே தங்கினார். பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

வால்மீகி யார்? இராமாயணக் கதையைச் சொன்னவர். அவர் கதை சொல்ல வந்தது எப்படி? அதற்கும் ஒரு கதை உண்டு. ஆற்றங்கரையில் இரண்டு பறவைகள் சேர்ந்து இருந்தன. ஒரு வேடன் அம்பு விட்டான். ஆண் பறவை செத்து விழுந்தது. பெண் பறவை கதறியது. அதைப் பார்த்த வால்மீகிக்குத் துக்கம் தாங்கவில்லை. அந்தத் துக்கம் பாட்டாக வந்தது. அதன் பிறகுதான் அவர் பெரிய கதையைப் பாடினார் என்று சொல்வார்கள்.

மனதில் இருக்கும் துக்கம் கதையாக வெளியே வரும். குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

பேசாத பிள்ளை

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு வந்த குடும்பம். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

ஊரில் இருந்த ஆயா இறந்துவிட்டார். அவர் அப்பாவைப் பெற்றவர். அப்பா மட்டும் ஊருக்குப் போய் வந்தார். எல்லோரும் போகக் கையில் பணம் இல்லை. "ஆயா சாமிகிட்ட போயிட்டாங்க" என்று குழந்தையிடம் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அதன் பிறகு குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் படுக்கையை நனைத்தது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதது. "என்னடி ஆச்சு?" என்று கேட்டால் பதில் இல்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் அம்மா இரண்டு அடியும் வைத்தார். அப்போதும் பதில் இல்லை.

குழந்தைக்கு வீம்பா? இல்லை. அதற்குச் சொல்லத் தெரியவில்லை. வயிறு வலித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டும். மனது வலித்தால் எதைத் தொட்டுக் காட்டும்?

அம்மா சொன்ன கதை

ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா ஒரு கதை சொன்னார்.

"ஒரு வேப்பமரத்துல ஒரு குருவிக் குஞ்சு இருந்துச்சாம். ஒருநாள் ஆயாக் குருவியைக் காணோமாம். குஞ்சு என்ன செஞ்சிருக்கும், கண்ணு?"

"அழுதிருக்கும்."

"அப்புறம்?"

குழந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னது.

"அது ஆயாகூட சண்டை போட்டுச்சு. உங்கூடப் பேசமாட்டேன்னு சொல்லுச்சு. அதான் ஆயா செத்துப் போச்சு."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரை விட்டுக் கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. அன்று குழந்தை ஆயாவிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் வந்தது. தன்னால்தான் ஆயா செத்தார் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறது!

அம்மா கதையை விடவில்லை. கதையிலேயே பதில் சொன்னார்.

"ஆயாக் குருவிக்கு வயசாயிடுச்சு. உடம்புக்கு முடியல. அதான் செத்துப்போச்சு. கோவத்துல பேசினா யாரும் சாகமாட்டாங்க. குஞ்சுக்கு ஆயா மேல எவ்வளவு ஆசைன்னு ஆயாவுக்குத் தெரியும்."

குழந்தை அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டது. மறுநாளும் அதே கதையைக் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. அம்மா சலிக்காமல் சொன்னார்.

இது எப்படி நடக்கிறது?

சின்னக் குழந்தைகள் பலர், வீட்டில் நடக்கும் கெட்டதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். சாவு வந்தாலும் அப்படித்தான். அப்பா அம்மா பிரிந்தாலும் அப்படித்தான். அதை "நான் செய்தேன்" என்று சொல்லப் பயப்படுவார்கள். "குருவி செய்தது" என்று சொல்லப் பயம் இல்லை. குருவியை யாரும் அடிக்கமாட்டார்கள் அல்லவா?

இதைத் தெரிந்துதான் பல நாடுகளில் குழந்தைகளின் மனக்காயத்தை ஆற்றக் கதையைப் பயன்படுத்துகிறார்கள்.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. கிழக்கே உள்ள மட்டக்களப்பில் பல பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள். வீட்டை இழந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக 1996இல் ஒரு தோட்டம் தொடங்கினார்கள். அதன் பெயர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், பால் சற்குணநாயகம் என்ற பாதிரியாரும் முன்னின்று நடத்தினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். களிமண்ணில் பொம்மை செய்தார்கள். படம் வரைந்தார்கள். தாங்களே கதை கட்டினார்கள். அதை நடித்தும் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் ஏராளமானோர் இறந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையம் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. கதை, படம், விளையாட்டு வழியாகப் பிள்ளைகளின் மனப்பாரம் இறங்க வழி செய்தார்கள்.

நீங்கள் எப்படிக் கதை சொல்லலாம்?

1. உங்களுக்கு வேகமாகப் படிக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. உங்கள் பாட்டி சொன்ன கதையே போதும்.

2. கதையில் உங்கள் குழந்தையின் பெயரை வைக்காதீர்கள். அணில், ஆட்டுக்குட்டி, குருவி என்று வையுங்கள்.

3. நடுவில் நிறுத்துங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தக்கூடாது.

4. முடிவில் புத்தி சொல்லாதீர்கள். "அதனால நீயும் ஒழுங்கா இரு" என்றால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

5. இறந்தவரைத் "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். குழந்தை தூங்கவே பயப்படும்.

6. குழந்தை சொன்னதை மற்றவரிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

கதை மட்டும் போதுமா?

சில சமயம் போதாது. பல வாரம் ஆகியும் குழந்தை சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மந்திர் மார்க் பகுதியில் இருப்பவர்களுக்கு ராம் மனோகர் லோகியா மருத்துவமனை பக்கம்தான். அங்கே மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய சேவை இது.

கதையில் வரும் நரி ஆட்டுக்குட்டியைத் தொட்டுத் தொந்தரவு செய்கிறது என்று குழந்தை சொல்கிறதா? கவனமாகக் கேளுங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள். அதற்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

வேலை முடிந்து வரும்போது உடம்பு அசந்திருக்கும். உண்மைதான். ஆனாலும் படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, "ஒரு ஊர்ல..." என்று தொடங்குங்கள். மீதியைக் குழந்தை சொல்லும்.

கலந்து பேசுங்கள்

1. சின்ன வயதில் உங்களுக்குக் கதை சொன்னவர் யார்? அந்தக் கதையை இன்று வகுப்பில் சொல்லுங்கள்.

2. குழந்தையை அடித்ததற்குப் பிறகு அந்த அம்மா கதை சொன்னார். அடித்தபோது தெரியாதது கதையில் எப்படித் தெரிந்தது?