உறக்கத்திலே உஷ்ணம் பார்க்கும் மோதிரம்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று கழுத்திலே புறங்கையை வைத்துப் பார்ப்பது நம் தாய்மாரின் பழைய வழக்கம். அந்தக் கையின் வேலையைச் செய்ய இப்பொழுது ஒரு மோதிரம் முன்வந்திருக்கிறது. அதுவும் நாம் தூங்கும் வேளையில். பின்லாந்து தேசத்து ஊலு நகரில் தோன்றிய 'ஊரா' மோதிரமும், 2022 முதல் வெளிவந்த ஆப்பிள் கைக்கடிகாரங்கள் சிலவும், இரவெல்லாம் தோலின் உஷ்ணத்தைக் குறித்துக் காலையில் கணக்குக் காட்டுகின்றன.

வீட்டில்தான் தெர்மாமீட்டர் இருக்கிறதே, இது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஜெர்மானிய வைத்தியர் வுண்டர்லிஷ், சுமார் 25,000 நோயாளிகளின் உஷ்ணத்தைப் பரிசோதித்து 1868-ல் நூல் வெளியிட்டார். அவருடைய கருவி ஏறக்குறைய ஓர் அடி நீளம்! பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளை நெட்டுருப் போட வைக்கும் 98.6 டிகிரி, அவர் கண்ட சராசரியே. உண்மையில் தேக உஷ்ணம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாலையில் ஏறும், விடியலுக்கு முன் நாலைந்து மணிக்கு மிகவும் தாழும்.

தூக்கம் வரும் சமயத்தில் கைகால்களின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உட்சூடு தோல் வழியே வெளியேறுகிறது. உள்ளே குளிர, விரல்கள் சூடேறுகின்றன. பாதம் வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறதென்று ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே விரலின் சூடு வேறு, உடம்பின் உட்சூடு வேறு. இதை அறிந்தே இக்கருவிகள் இத்தனை டிகிரி என்று ஜுரம் பார்ப்பதில்லை. ஆப்பிள் கடிகாரம் சுமார் ஐந்து இரவுகள் ஒருவரின் வழக்கத்தைப் படித்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து ஏறியதா, இறங்கியதா என்று மட்டுமே சொல்லும். கனத்த போர்வை போர்த்தினாலும் கணக்கு மாறலாம். குழந்தைக்கு ஜுரமென்றால் தெர்மாமீட்டரைத்தான் எடுக்க வேண்டும். இதிலே சந்தேகம் வேண்டாம்.

ஸ்திரீகள் விஷயத்தில் இக்கருவிக்கு உண்மையான பயன் உண்டு. கருமுட்டை வெளிப்பட்ட பிறகு தேக உஷ்ணம் சென்டிகிரேடில் அரை டிகிரிக்குள்ளாகச் சற்று உயர்ந்து, அடுத்த மாதவிலக்கு வரை அப்படியே நிற்கும். முன்பெல்லாம் இதை அறியத் தினமும் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன் தெர்மாமீட்டர் வைத்தாக வேண்டும். பிள்ளை வேண்டித் தவிக்கும் தம்பதிகளுக்கு அந்தத் தொல்லை இப்பொழுது இல்லை. ஆனால், கர்ப்பம் வேண்டாமென்று இதை மட்டுமே நம்புவது ஆபத்து. உஷ்ணம் உயர்வது முட்டை வெளிப்பட்ட பின்பு. முன்கூட்டி எச்சரிக்க அதனால் இயலாது.

இன்னொன்றும் இருக்கிறது. மாமியாரிடமும் சொல்லாத சங்கதியை இம்மோதிரம் எங்கோ உள்ள கம்பெனியின் ஏட்டில் எழுதி வைக்கிறது. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருச்சிதைவு உரிமையைப் பற்றிய தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தபோது, இத்தகைய குறிப்புகள் தங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லுமோ என்று அந்நாட்டு ஸ்திரீகள் பலர் அஞ்சினார்கள்.