இதயம் கடிகாரம் அன்று!

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

கடிகாரம்போல் ஒரே சீராகத் துடிப்பதே நல்ல இதயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. "நாள்தோறும் நடக்க வேண்டும்" என்றார் மருத்துவர். "நெஞ்சு நோய்க்காரரை நடக்க விடலாமா?" என்றனர் அக்கம்பக்கத்தார். அப்பாவும் அஞ்சினார். வகுப்பில் படித்த உடலியங்கியல் எனக்கு அப்போதுதான் கைகொடுத்தது.

மணிக்கட்டில் விரல் வைத்து, ஆழ்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் நாடி சற்று விரையும்; விடுகையில் தணியும். இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் இவ்வாறு கூடிக் குறைவதே 'இதயத் துடிப்பு மாறுபாடு'. நோயினால் துடிப்பு தாறுமாறாவது வேறு, இது வேறு.

நரம்புகளின் தலையீடு இல்லாவிடில் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். வேகஸ் நரம்பு கடிவாளமாக இருந்து அதனை 70 அளவிற்குக் குறைக்கிறது. பரிவு நரம்போ சாட்டையாக இருந்து விரட்டுகிறது. இவ்விரண்டின் ஓயாத இழுபறியே மாறுபாட்டிற்குக் காரணம்.

மாரடைப்புக்குப் பின் கடிவாளம் தளர்கிறது, மாறுபாடும் குறைகிறது. அமெரிக்காவில் கிளைகர் குழுவினர் 808 நோயாளிகளின் 24 மணி நேர இதயப் பதிவுகளை ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டனர். மாறுபாடு 50 மில்லி விநாடிக்குக் கீழ் இருந்தவர்களுக்கு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட இறக்கும் அபாயம் 5.3 மடங்காக இருந்தது!

உடற்பயிற்சி இங்கேதான் துணைக்கு வருகிறது. நடக்கும்போது வேகஸ் சற்று விலகி நிற்கும். ஆனால் வாரக்கணக்கில் பழகியபின், ஓய்வு நேரத்தில் அதன் பிடி வலுப்படுகிறது. மாறுபாடும் பலருக்குக் கூடுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் அன்று.

நம் நாட்டிலும் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு கண்ட 3,959 பேரிடம் யோகப் பயிற்சி சோதிக்கப்பட்டது. 2020இல் வெளியான அதன் முடிவு, மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதி கூறவில்லை. ஆயினும் பயிற்சி பெற்றோர் மாரடைப்புக்கு முந்தைய செயல்பாடுகளுக்குக் கூடுதலாகத் திரும்பினர். லேத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியா?

பயிற்சியின் அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

ஐந்து நிமிட நடையில் தொடங்கிய அப்பா, இன்று ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடக்கிறார். நடந்து முடிந்ததும் என்னிடம் கையை நீட்டுவார். மில்லி விநாடிகளை என் விரல் அறியாது. ஆனால் அந்தக் கையில் பழைய நடுக்கம் இல்லை என்பதை அறியும். உங்கள் வீட்டிலும் அஞ்சி அமர்ந்திருப்பவர் உண்டெனில், மருத்துவரைக் கேட்டு, கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்!