ஸீனியரும் ஜூனியரும்

கறுப்புக் கவுன் இன்னும் கசங்கவில்லை. கழுத்துப் பட்டையின் கஞ்சி மொடமொடப்பும் குறையவில்லை. இளைஞர் எழுந்து நின்று, "என் ஸீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், சற்று அவகாசம் அளிக்கவேண்டும்" என்று நீதிபதியிடம் விண்ணப்பித்துக்கொள்கிறார். நாளை பெரும் புகழ் பெறப்போகிற வக்கீலின் முதல் வாதமும் பெரும்பாலும் இதுவே!

பட்டம் பெற்றுப் பார் கவுன்ஸிலில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும், வக்கீலாகிவிடலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் படிப்பு அதன் பிறகுதான் ஆரம்பம். முதல் குரு ஸீனியர்கூட அல்ல, அவருடைய குமாஸ்தா! வக்காலத்தில் கையெழுத்து விட்டுப் போயிற்றா, கோர்ட்டுக் கட்டணம் குறைந்ததா, காலவரம்பு கடந்ததா என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அடுத்தபடியாக, கட்டுக்களைப் படித்துத் தேதிவாரியாகக் குறிப்பெடுக்கவேண்டும், மனு எழுதவேண்டும். எழுதியதில் பாதியை ஸீனியர் அடித்துவிடுவார். மனம் சோர்வது இயல்பே. ஆனால், அடிபட்ட வரிகளில்தான் பாடம் இருக்கிறது.

இதனால் ஸீனியர் தர்மம் செய்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. 1961-ஆம் வருஷத்து அட்வொகேட்டுகள் சட்டம் வக்கீல்களை இரு வகையாகப் பிரித்தது. ஸீனியர் என்று கோர்ட்டு அங்கீகரித்தவர் வக்காலத்துத் தாக்கல் செய்யக் கூடாது. துணைக்கு வேறொரு வக்கீல் இல்லாமல் ஆஜராகவும் கூடாது. ஆகவே, தேவை இரு பக்கமும் உண்டு.

சென்னையில் இந்த உறவுக்கு நல்ல பரம்பரையும் உண்டு. மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடிச் சட்ட விஷயங்களை விவாதித்து வந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்தே 1891-இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' பிறந்தது. பி. ஆர். சுந்தரமையரிடம் தொழில் பயின்ற அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1929-இல் அட்வொகேட் ஜெனரலானார். பின்னர் அரசியல் சாஸன நகல் கமிட்டியிலும் அங்கம் வகித்தார்.

எல்லாம் சரி, வயிற்றுப்பாடு? "தொழிலைக் கற்றுக் கொடுக்கிறேனே, சம்பளம் வேறா?" என்று கேட்ட ஸீனியர்கள் உண்டு. தகப்பனார் வக்கீலாக இருந்தவர்கள் சமாளித்தார்கள். குடியானவர் வீட்டுப் பிள்ளையும், தாயின் உழைப்பில் படித்த பெண்ணும் அறை வாடகைக்கே திண்டாடினார்கள். 2024-இல் சென்னை ஹைகோர்ட்டு இதைக் கவனித்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித் தொகையாக அளிக்கவேண்டும் என்று அதன் உத்தரவு கூறியது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்ஸிலும் அவ்வாறே சுற்றறிக்கை அனுப்பியது.

உத்தரவு காகிதத்தோடு நின்றுவிட்டால், வசதி படைத்தவர்களின் பிள்ளைகளே வக்கீல்களாக மிஞ்சுவார்கள். அப்பொழுது ஏழைக் கட்சிக்காரனின் கஷ்டத்தை அநுபவத்தால் அறிந்தவர் யார் இருப்பார்? பணத்தோடு இன்னொன்றையும் ஸீனியர்கள் கொடுக்கலாம். சிறிய மனு ஒன்று வரும்போது, "இன்று நீயே பேசு அப்பா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அவகாசம் மட்டும் கேட்டுப் பழகிய குரலுக்கு அன்றுதான் தைரியம் பிறக்கும்.